மலையுச்சிக் கிராமமும் எத்ருஸ்கர் கல்லறைகளும்: நான்கு ஊர்களில் எதற்குப் போகலாம்?

ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் என்று போடும் இத்தாலித் திட்டத்தில் எங்கிருந்தாவது ஒன்றரை நாள் மிச்சம் பிடிக்க முடிந்தால், அதை ரோமுக்கு வடக்கே, லாட்சியோவும் தெற்கு டஸ்கனியும் சேரும் பகுதிக்குக் கொடுங்கள். பாறை முனையில் தொற்றிக்கொண்டிருக்கும் இடைக்காலக் கிராமங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. அவற்றின் அடிவாரத்திலும் எதிர்ப்பக்கச் சரிவிலும், ரோம் தலையெடுப்பதற்கு முன் இங்கே செழித்த எத்ருஸ்கர் என்ற பழங்கால மக்கள் குடைந்த கல்லறைகள் இருக்கின்றன. ஒரே நாளில் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளைக் கால்நடையாகக் கடக்கலாம். எந்தக் கிராமம் என்று முடிவு செய்வதில்தான் சிக்கல். இணையத்தில் தேடினால் முப்பது பெயர்கள் வருகின்றன, எல்லாவற்றையும் அற்புதம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

நான் அதை நான்காகக் குறைத்திருக்கிறேன்: சோவானா, பார்பரானோ ரொமானோ, பொப்புலோனியா, செரி. கிராமத்திலிருந்து கல்லறைக்கு நடந்தே போக முடியுமா என்பதுதான் என் முதல் கேள்வி. ஊரை ஓரிடத்தில் பார்த்துவிட்டு, கல்லறையைப் பார்க்க அரை மணி நேரம் காரில் போனால் இரண்டு சுற்றுலாத் தலங்களைப் பார்த்த மாதிரி ஆகிவிடும். வாழ்ந்தவர்களின் மேடும் இறந்தவர்களின் மேடும் எதிரெதிரே நிற்பதும், நடுவில் ஓர் ஓடை ஓடுவதும் கண்ணில் பட்டால்தான் அந்த மக்கள் ஊரை எப்படி நினைத்தார்கள் என்பது பிடிபடும்.

இந்த அமைப்புக்குக் காரணம் மண்ணடியில் இருக்கிறது. பொல்சேனா ஏரியும் பிராச்சானோ ஏரியும் பழைய எரிமலைப் பகுதிகள். அவை கக்கிய சாம்பல் இறுகி டூஃபோ என்ற மென்கல் ஆயிற்று. உளியால் எளிதாக வெட்டலாம், காற்றுப்பட்டால் கெட்டிப்படும். ஓடைகள் அதை அறுத்துக்கொண்டே போனதால் மூன்று பக்கமும் செங்குத்தாக விழும் மேடுகள் மிஞ்சின. நாலாவது பக்கத்தை மட்டும் காத்தால் போதும், கோட்டை தயார். கி.மு. காலத்தில் எத்ருஸ்கர்களுக்குப் பிடித்த அதே மேடுகள் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, ரோமப் பேரரசு சரிந்த பிறகு பாதுகாப்பு தேடியவர்களுக்கும் பிடித்தன. எத்ருஸ்கர்கள் வீட்டை மரத்தாலும் மண்ணாலும் கட்டினார்கள், கல்லறையைப் பாறையில் வெட்டினார்கள். வீடுகள் போய்விட்டன. வீட்டின் உத்திரம், கூரைச் சரிவு, வாசல், படுக்கை எல்லாம் கல்லறைக்குள்ளே கல்லாக நிற்கின்றன.

போவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கல்லறைகள் காலி. உள்ளே இருந்தவை கொள்ளை போயிருக்கும், அல்லது அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும். அதனால் ரோமில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்துக்கு முதலில் போய்விடுங்கள். செர்வேத்தெரியில் கிடைத்த, கணவனும் மனைவியும் ஒரே மஞ்சத்தில் சாய்ந்திருக்கும் சுடுமண் சவப்பேழை அங்கேதான் இருக்கிறது. ஏறக்குறைய கி.மு. 520ஐச் சேர்ந்தது. விருந்தில் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்த மக்கள் அவர்கள். கிரேக்கர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. அந்த இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டுப் போனால், கல்லறைக்குள் இருக்கும் வெறும் கல்மேடை யாருக்கானது என்பது தெரியும்.

முதலில் சோவானா. டஸ்கனியின் தென்கோடியில், க்ரொசேத்தோ மாகாணத்தில், சொரானோ நகராட்சிக்குள் வரும் சிற்றூர் இது. ஒரு முனையில் அல்தோபிராந்தெஸ்கி பிரபுக்களின் இடிந்த கோட்டை, மறு முனையில் பேராலயம், நடுவே செங்கல் பாவிய ஒரே தெரு. பத்து நிமிடத்தில் முழு ஊரையும் நடந்து முடிக்கலாம், ஆனால் அப்படி முடிக்காதீர்கள். சதுக்கத்தில் இருக்கும் சாந்தா மரியா மஜோரே தேவாலயத்துக்குள் எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லால் ஆன விதானம் ஒன்று பலிபீடத்தின் மேல் நிற்கிறது. ரோமனெஸ்க் என்ற இடைக்காலக் கட்டடப் பாணிக்கும் முந்திய செதுக்குவேலை, இத்தாலியிலேயே அரிது. ஏழாம் கிரகோரி போப்பாண்டவர், அதாவது 1077இல் ஜெர்மன் மன்னன் நான்காம் ஹென்றியைக் கனோஸா கோட்டை வாசலில் பனியில் காக்க வைத்தவர், இந்த ஊர்க்காரர் என்பது மரபு. இல்தெப்ராந்தோ என்பது அவருடைய இயற்பெயர். 2004இல் சான் மமிலியானோ தேவாலயத்தின் தரைக்கடியில் 498 பொற்காசுகள் கிடைத்தன. ஐந்தாம் நூற்றாண்டுக் காசுகள், ரோமப் பேரரசின் மேற்குப் பாதி விழுந்துகொண்டிருந்த சமயத்தில் யாரோ புதைத்தவை. தேவாலயமே இப்போது அவற்றுக்கான அருங்காட்சியகம். இத்தனை சிறிய ஊரில் இத்தனை அடுக்கு வரலாறு வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

கல்லறைகள் ஊருக்கு மேற்கே ஒன்றிரண்டு கிலோமீட்டரில் தொடங்குகின்றன. ஓடையைக் கடந்து நடந்தே போகலாம். 1920களில் வெளிப்படுத்தப்பட்ட இல்தெப்ராந்தா கல்லறைக்கு அந்தப் போப்பாண்டவரின் பெயரையே வைத்தார்கள். கோயில் முகப்பைப் போலவே முழுப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். மேடைக்கு ஏற இரு பக்கமும் படி, முன்வரிசையில் ஆறு தூண்கள், தூண் உச்சியில் இலைகளுக்கு நடுவே மனிதத் தலைகள். முழுசாக நிற்பது ஒரு தூண்தான், மற்றவை அடிக்கட்டைகளாக இருக்கின்றன. அந்தக் காலத்தில் சுதை பூசி வண்ணம் தீட்டியிருந்தார்கள். இத்தனை ஆரவாரமும் மேலே. பிணத்தை வைத்த அறை கீழே, சரிவான பாதையில் இறங்கினால், சின்னதாக, ஒரு வேலைப்பாடும் இல்லாமல் இருக்கிறது. மேலே இருப்பது உயிரோடு இருப்பவர்கள் பார்ப்பதற்கு, கீழே இருப்பது போனவருக்கு. இதை ஒரே இடத்தில் நின்று பார்க்க முடிவதுதான் சோவானாவின் பெரிய பலம்.

கொஞ்சம் தள்ளி, 2004இல் தோண்டி எடுத்த சிறகுள்ள பேய்களின் கல்லறை இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்தே கிடந்ததால் சிற்பங்கள் மற்றவற்றைவிடத் தெளிவு. 1843இல் சாமுவேல் எய்ன்ஸ்லி என்ற ஆங்கில ஓவியர் கண்ட சீரேனா கல்லறை ஓடையின் மறுபக்கம்.

அப்புறம் வியே காவே (ஒரு பாதை என்றால் வியா காவா). டூஃபோவுக்குள் செங்குத்தாக வெட்டி இறக்கிய பாதைகள் இவை. சில இடங்களில் இரு பக்கச் சுவரும் இருபது மீட்டருக்கு மேல். அகலமோ இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடக்கும் அளவுதான். பாசி, பெரணி, கோடையிலும் குளிர்ச்சி. ஊர்களை இணைக்கும் சாலை, மழைநீர் வடிகால், கல்லறைக்குப் போகும் புனிதப் பாதை என்று அறிஞர்கள் வேறு வேறு காரணம் சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும், உளித்தழும்புகள் தலைக்கு மேலே வரிவரியாகத் தெரியும் அந்தப் பாதையில் நடப்பது கல்லறைகளைப் பார்ப்பதற்குச் சமமான அனுபவம். பாறை சரிவதால் சில பாதைகளை அடிக்கடி மூடுவார்கள். அன்றைக்கு எது திறந்திருக்கிறது என்று நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் கேளுங்கள், வேலியைத் தாண்டாதீர்கள்.

சோவானாவுக்கு ஆதரவாக இன்னொன்றும் உண்டு. பிட்டில்யானோ சுமார் எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. பாறையும் வீட்டுச் சுவரும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத அந்த ஊரில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்தார்கள். 1598இல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. அங்கே ஸ்ஃப்ராத்தோ என்ற இனிப்பைக் கட்டாயம் வாங்குங்கள். தேனும் அக்ரூட் பருப்பும் பூரணமாக வைத்த நீளமான மாவுக்குச்சி, இறைச்சி சேராதது. வீட்டை விட்டு யூதர்களை விரட்டி ஒரே பகுதிக்குள் அடைத்தபோது அதிகாரிகள் கதவைத் தட்டிய தடியின் நினைவாக அந்த வடிவம் என்கிறார்கள். துன்பத்தை இனிப்பாக்கித் தின்ற சமூகம் அது. மார்ச் 19ஆம் தேதி இரவு பிட்டில்யானோவில் தீப்பந்தம் ஏந்தியவர்கள் வியா காவா வழியாக ஊர்வலமாக ஏறி வந்து சதுக்கத்தில் சொக்கப்பனை மூட்டுகிறார்கள். தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள். குளிக்கப் பிடிக்கும் என்றால் சத்தூர்னியாவின் வெந்நீர் ஊற்றும் பக்கத்தில்தான், நீர் எப்போதும் 37 பாகைக்குச் சற்று மேலே.

சோவானாவின் குறை தூரம். ரோமிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரயில் கிடையாது, பேருந்து மிகக் குறைவு. கார் இல்லாமல் போவதாக இருந்தால் இந்த ஊரை மறந்துவிடலாம்.

பார்பரானோ ரொமானோ இதற்கு நேர்மாறு. ரோமிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான், ஆனால் வெளிநாட்டுப் பயணிகள் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. மூன்று பக்கமும் பள்ளத்தாக்கு, நாலாவது பக்கம் மதில், உள்ளே சாம்பல் நிறக் கல்வீடுகள். நினைவுப்பொருள் கடைகள் நிறைந்த ஊர் இல்லை, மக்கள் வாழ்கிற ஊர். காலையில் பாட்டிகள் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊர் மார்த்துரானும் என்ற இயற்கைப் பூங்காவுக்குள் இருக்கிறது. சான் ஜூலியானோ குன்றைச் சுற்றியுள்ள கல்லறைத் தொகுதி அந்தப் பூங்காவில்தான், ஊரிலிருந்து சில கிலோமீட்டர் நடை.

சான் ஜூலியானோவை நான் ஒரு பாடப்புத்தகம் என்றே சொல்வேன். கி.மு. 7ஆம் நூற்றாண்டு மண்மேட்டுக் கல்லறைகள், கூரை உத்திரத்தைக் கல்லில் செதுக்கிய சீமா கல்லறை, பாறையைக் கனசதுரமாக வெட்டி முகப்பில் பொய்க்கதவு வைத்தவை, வீட்டு முகப்பு போன்றவை என்று ஒவ்வொரு காலத்துக் கல்லறை வகையும் ஒரே காட்டுக்குள் இருக்கிறது. மான் கல்லறையில் மானை ஒரு விலங்கு தாக்கும் சிறு புடைப்புச் சிற்பம் உண்டு. எங்கே என்று தெரியாமல் தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள், படிக்கட்டின் பக்கப் பாறையைப் பாருங்கள். அரசி கல்லறை என்று அழைக்கப்படுவதன் முகப்பு, மரங்களுக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கிறது.

டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகம் 2016 முதல் இங்கே ஆய்வு நடத்துகிறது. அறுநூறுக்கு மேற்பட்ட கல்லறைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லாமே கொள்ளை போனவை. ஆனால் 2025இல் மூடிய கல் பெயராத ஒரு கல்லறையைத் திறந்தார்கள். கல்மஞ்சங்களில் நான்கு பேர், கூடவே நூறுக்கு மேற்பட்ட பொருட்கள், இரும்பு ஆயுதங்கள், வெண்கல அணிகள். காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டு. இருநூறு ஆண்டுகளாக எல்லோரும் நடந்துபோன காட்டில் இது கிடைத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குப் புல்லரிக்கிறது. பக்கத்தில் ப்ளேரா என்ற ஊரை ஒட்டிய சான் ஜொவெனாலேயில் 1950களில் ஸ்வீடன் நாட்டவர் தோண்டினார்கள். அரசர் ஆறாம் குஸ்தாவ் அடால்ஃப் தானே கொத்துக்கரண்டி பிடித்து வேலை செய்தார்.

சரி, இவ்வளவு நல்ல இடம் என்றால் ஏன் முதலிடம் தரவில்லை? கால் பலம் வேண்டும். பாதை ஓடைக்கு இறங்கி ஏறுகிறது, மழைக்குப் பிறகு டூஃபோவும் இலைச் சருகும் சேர்ந்து வழுக்கும். விளக்கு கிடையாது, கைவிளக்கு கொண்டுபோக வேண்டும். விளக்கப் பலகைகள் இருக்கின்றன, இருந்தாலும் எத்ருஸ்கர்களைப் பற்றி ஒன்றும் படிக்காமல் வந்தால் பாசி பிடித்த பாறைகளாகத்தான் தெரியும். பிராச்சானோ ஏரி வழியாக விட்டெர்போ போகும் புறநகர் ரயில் இந்தப் பகுதியைத் தொட்டுப் போனாலும் கிராமம் தண்டவாளத்திலிருந்து தள்ளியிருக்கிறது. எத்ருஸ்கர்களை ஏற்கெனவே தெரிந்தவருக்கு இதுதான் முதலிடம். முதல்முறை பார்ப்பவரை நேராக இங்கே அனுப்ப எனக்கு மனமில்லை.

பொப்புலோனியா டூஃபோ நாட்டைச் சேர்ந்ததில்லை. டஸ்கனிக் கடற்கரையில், பராட்டி வளைகுடாவுக்கு மேலே குன்றில் நிற்கிறது. பெரிய எத்ருஸ்கர் நகரங்களில் நேரே கடல்மேல் அமைந்தது இது ஒன்றுதான். எதிரே எல்பா தீவு. அங்கிருந்து இரும்புத்தாதைப் படகில் கொண்டுவந்து இங்கே உருக்கினார்கள். உருக்கி உருக்கி, கசடு மலையாகக் குவிந்து, கடற்கரையில் இருந்த முன்னோர் கல்லறைகளையே மூடிவிட்டது. அந்தக் கசட்டில் இன்னும் இரும்பு மிச்சமிருக்கிறது என்று இருபதாம் நூற்றாண்டில் அதை அள்ளத் தொடங்கியபோதுதான் கல்லறைகள் வெளியே வந்தன. இயந்திரம் பட்டுச் சில சிதைந்தும் போயின. இப்போது புல்வெளியில் வட்டக் கல்மேடுகளாக நிற்கின்றன. தேர்க் கல்லறை என்ற மேடு 28 மீட்டர் விட்டம் கொண்டது.

மேலே இருக்கும் கிராமம் ஒரு கோட்டை, ஒரு கோபுரம், ஒன்றிரண்டு தெரு, அவ்வளவுதான். பதினைந்தாம் நூற்றாண்டில் பியோம்பினோவை ஆண்ட அப்பியானி குடும்பத்தின் கோட்டை. கோபுரத்தில் ஏறினால் எல்பா தெரியும். கீழே கல்லறைப் பூங்காவில் நல்ல பாதைகள், வரவேற்பிடம், சிற்றுண்டிக் கடை எல்லாம் இருக்கின்றன. பக்கத்திலேயே பைன் மர நிழலும் கடற்கரையும். சின்னப் பிள்ளைகளோடு போனால் நான்கில் இதுதான் சரியான இடம். கல்லறைகளைப் பார்த்துச் சலித்த பிள்ளை மணலில் விளையாடும், பெரியவர்கள் நிம்மதியாகக் குவாரிப் பாதையில் போய்ப் பாறையில் குடைந்த அறைகளைப் பார்த்து வரலாம். ரோமிலிருந்து வருவது வீண் அலைச்சல். பீசாவிலோ ஃபுளோரன்ஸிலோ தங்கியிருப்பவர்களுக்கு ஏற்றது. குளிர்காலத்தில் பூங்கா திறக்கும் நாட்கள் குறைவு.

செரி, ரோமுக்கு மிக அருகே. செர்வேத்தெரி நகராட்சிக்குள் தனிப்பாறை ஒன்றின் உச்சியில் இருக்கும் குட்டிக் கிராமம். பாறையை வெட்டிய சரிவு வழியாக ஒரே வாயில், உள்ளே ஒரு சதுக்கம், ஒரு மாளிகை, சில உணவகங்கள். தேவாலயச் சுவரில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பழைய ஏற்பாட்டு ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகவே ஏறலாம். ஞாயிறு மதியம் ரோம்காரர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்துவிடுவார்கள், அதனால் வாரநாளில் போங்கள்.

ஆனால் செரியின் உண்மையான ஈர்ப்பு செர்வேத்தெரியை ஒட்டிய பாண்டித்தாச்சா கல்லறைத் தொகுதி. தர்குவீனியாவின் கல்லறைகளோடு சேர்த்து 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தெரு, சந்து, சதுக்கம் என்று ஒரு முழு நகரமே இறந்தவர்களுக்காக. ஆயிரக்கணக்கான கல்லறைகள், வண்டிச்சக்கரத் தடம் பதிந்த பாதைகள். புடைப்புச் சிற்பக் கல்லறையில் சமையல் பாத்திரம், கத்தி, கயிறு, கேடயம், வீட்டு விலங்கு எல்லாவற்றையும் சுதையில் வடித்துத் தூண்களிலும் சுவரிலும் மாட்டியிருக்கிறார்கள், கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். செர்வேத்தெரி ஊர் அருங்காட்சியகத்தில் யூஃப்ரோனியோஸ் என்ற பழங்கால ஓவியர் தீட்டிய கிரேக்கக் கலயம் இருக்கிறது. 1971இல் இங்கே திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்து, அடுத்த ஆண்டே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு விற்று, 2008இல் இத்தாலி திரும்பப் பெற்ற கலயம்.

கல்லறை மட்டும் என்று பார்த்தால் பாண்டித்தாச்சாதான் நான்கிலும் பெரியது, வயதானவர்களுக்கும் எளிது. ரோமிலிருந்து ரயிலில் லாதிஸ்போலி–செர்வேத்தெரி நிலையம், அங்கிருந்து பேருந்து, அரை நாளில் முடிக்கலாம். செரிக்கும் பாண்டித்தாச்சாவுக்கும் இடையே பல கிலோமீட்டர் சாலை இருப்பதுதான் என் தயக்கம். கார் இல்லையென்றால் செரியை விட்டுவிட்டுப் பாண்டித்தாச்சா மட்டும் போய் வருவதில் தவறில்லை. திங்கட்கிழமை பெரும்பாலும் விடுமுறை.

சிவிட்டா டி பான்யோரேஜோவை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்பார்கள். நடைபாலத்தின் முனையில் மிதக்கும் அந்த ஊரின் படம் எல்லாருடைய கைபேசியிலும் இருக்கிறது. அழகில் குறையே இல்லை. ஆனால் கட்டணம் செலுத்திக் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்ப வேண்டும், எத்ருஸ்கர் கல்லறை என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக அங்கே இல்லை. வண்ணம் தீட்டிய கல்லறைகள்தான் வேண்டும் என்றால் இந்த நான்கில் எதுவும் உதவாது, தர்குவீனியாவுக்குப் போங்கள். சுமார் 6,000 கல்லறைகளில் 200 ஓவியம் உள்ளவை. அது கிராமம் இல்லை, நகரம்.

ஆக, கார் உண்டு, ஓரிரவு தங்க முடியும், எத்ருஸ்கர்களை முதல்முறையாகப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சோவானாதான். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே வாங்கிக்கொள்ளுங்கள், இத்தாலியில் அது இல்லாமல் ஓட்டக் கூடாது. கிராமங்களின் மதிலுக்குள் வெளியார் வண்டிக்குத் தடை, வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் நல்ல மாதங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பகுதியில் பட்டினி கிடக்க வேண்டாம். பாலாடைக்கட்டியும் கீரையும் பொதிந்த தொர்தெல்லி கிடைக்கும், இறைச்சிக் குழம்பு ஊற்றாமல் வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அக்குவாகோத்தா என்ற காய்கறி ரொட்டிச் சாறில் முட்டை உடைத்து ஊற்றுவார்கள், வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் மதியம் வந்து ஊரையும் தேவாலயங்களையும் பாருங்கள். மறுநாள் காலை பூங்கா திறந்ததும் இல்தெப்ராந்தாவில் தொடங்கி வியா காவாவில் முடியுங்கள், மதியம் பிட்டில்யானோ. ரோமுக்குத் திரும்பும்போது கடற்கரைச் சாலையை விட்டுவிட்டு விட்டெர்போ வழியாக வந்தால் பார்பரானோ அதிகம் சுற்றாமல் வழியிலேயே வரும். இருட்ட இரண்டு மணி நேரமாவது இருக்கும்படி கிளம்பியிருந்தால் மான் கல்லறையையும் பார்த்துவிடலாம்.